தேவ சித்தம் யாருடைய வாக்கியம்?

சுங்கை சிப்புட்டில் தமிழ்ச் சபைகளுக்குள் வளர்ந்த யாருக்கும் இரண்டு வாக்கியங்கள் மனப்பாடமாக இருக்கும். 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்பது ஒன்று. 'அது அவனே தேடிக்கிட்டது' என்பது இன்னொன்று. தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யச் சொன்னால் முதல் வாக்கியம் வரும். லயத்தை விட்டு வந்தவன் டவுனில் நிலையான வேலை கிடைக்காமல் சம்சு குடித்துச் செத்தால் இரண்டாவது வாக்கியம் வரும். இவை இரண்டும் இடம் மாறி நான் கேட்டதே இல்லை. தோட்டத்தை விற்றவரிடம் போய், 'இது நீங்களா எடுத்த முடிவு, ஆண்டவருக்குக் கணக்கு கொடுக்கணும்' என்று சொன்ன போதகரை எனக்குத் தெரியாது. குடித்துச் செத்தவனின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, 'இவன் பிறந்த இடமும் வளர்ந்த விதமும் இவன் கையில் இருந்ததா?' என்று கேட்டவரையும் தெரியாது.

ஆக, மேலே இருப்பவனுக்குத் தேவனின் இறையாண்மை. கீழே இருப்பவனுக்குச் சுயாதீன சித்தம். இரண்டுமே கிறிஸ்தவ மரபின் பெரிய சொற்கள். அவற்றை யாருக்கு எதைக் கொடுப்பது என்று பங்கு பிரித்த விதத்தோடுதான் என் சண்டை. இந்தப் பங்கீடு வேதத்தில் இல்லை. அகஸ்டினிடம் இல்லை, வெஸ்லியிடமும் இல்லை. இது தோட்டத்தில் உருவானது. துரை, கிராணி, கங்காணி, கூலி என்ற அடுக்கை ஞாயிற்றுக்கிழமையும் கலைக்காமல் வைத்திருக்க உதவியது.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு இந்தப் பழைய வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடவுள் எல்லாவற்றையும் ஆள்கிறார் என்றால் மனிதன் செய்யும் தேர்வு எப்படிச் சுதந்திரமானது? ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டினுக்கும் பெலேஜியசுக்கும் இதில்தான் மோதல். மனிதன் நினைத்தால் நல்லவனாக இருக்க முடியும் என்றார் பெலேஜியஸ். மனிதனின் ஆசையே வளைந்து கிடக்கிறது, கிருபை இல்லாமல் அது நிமிராது என்றார் அகஸ்டின். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலேஜியசின் போதனையைக் கண்டித்தது. ஆனால் வழக்கு முடியவில்லை. 1524இல் எராஸ்மஸ் சுயாதீன சித்தத்துக்காக எழுதினார். அடுத்த ஆண்டே லூத்தர், சித்தம் சுதந்திரமானது அல்ல, அடிமைப்பட்டது என்று பதில் எழுதினார். 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய சங்கம் முன்குறித்தலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1739இல் ஜான் வெஸ்லி, கிருபை எல்லோருக்கும் இலவசம் என்று பிரசங்கித்து முன்குறித்தலை வெளிப்படையாகத் தாக்கினார். கத்தோலிக்கர்களில் தோமினிக்கன்களும் இயேசு சபையினரும் இதே கேள்விக்காக ரோமாபுரியில் 1598 முதல் 1607 வரை வழக்காடினார்கள். கடைசியில் போப் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரை ஒருவர் பதிதர் என்று திட்டக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சண்டை, நமக்கு என்ன என்று கேட்கலாம். தரங்கம்பாடி வழியாக லூத்தர் நமக்கு வந்தார். 1885இல் சிங்கப்பூருக்கு வந்த மெதடிஸ்டுகளோடு வெஸ்லி வந்தார். கத்தோலிக்கத் தமிழர்கள் இவர்களுக்கெல்லாம் முன்பே இங்கே இருந்தார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பின்னால் சேர்ந்தன. இன்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் இருக்கும் இளைஞர்கள் யூடியூபில் தமிழ்நாட்டுப் பிரசங்கிகளைக் கேட்டுவிட்டு, 'நான் கால்வினிஸ்ட்', 'நான் ஆர்மினியன்' என்று மாமாக் கடையில் உட்கார்ந்து விடிய விடிய வாதம் செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் அந்த வாதத்தில் தோட்டம் வருவதே இல்லை. தாத்தாவின் முன்பணக் கடன் வருவதில்லை, கள்ளுக்கடை வருவதில்லை. ஆசையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிறார்கள். யாருடைய ஆசை, யார் உருவாக்கிய ஆசை என்று ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை.

ஆசையிலிருந்தே தொடங்கலாம்.

கிறிஸ்தவச் சிந்தனையில் ஆசைக்கும் தேர்வுக்கும் உள்ள உறவை மிக நுட்பமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஜொனாதன் எட்வர்ட்ஸ். சித்தத்தின் சுதந்திரம் பற்றி 1754இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் வாதத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம். மனிதன் அந்த நேரத்தில் தனக்கு எது மிக நல்லதாகத் தோன்றுகிறதோ அதையே தேர்ந்தெடுக்கிறான். தன்னுடைய மிகப் பலமான விருப்பத்துக்கு எதிராக யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. சங்கிலி கட்டித் தடுக்காதவரை, விரும்பியதைச் செய்கிறவன் சுதந்திரமானவன்தான். அதற்கு அவனே பொறுப்பு. ஆனால் எதை விரும்புவது என்பதை அவன் தேர்ந்தெடுத்துக்கொள்வதில்லை. ஆகவே கடவுளின் ஆளுகையும் மனிதனின் சுதந்திரமும் ஒரே செயலுக்குள் மோதாமல் இருக்க முடியும்.

இது கூர்மையான வாதம். இதை அப்படியே எடுத்து ஒரு ரப்பர் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

விடியற்காலை இருட்டில் பெரட்டு. பேர் கூப்பிட்டதும் உளியை எடுத்துக்கொண்டு போய், வெயில் ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பாலைச் சேர்த்து, சுமந்து வந்து நிறுக்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு திண்ணை. பக்கத்திலேயே கள்ளுக்கடை. அரசாங்கம் உரிமம் கொடுத்தது, தோட்ட நிர்வாகமே நடத்தியது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒழுங்காக இல்லாத தோட்டத்தில்கூடக் கள்ளுக்கடை ஒழுங்காக நடந்தது.

மத்தியானம் வேலை முடிந்து வருகிறவனின் மிகப் பலமான விருப்பம் எதுவாக இருக்கும்? அவன் குடித்தான். அவனே விரும்பித்தான் குடித்தான். யாரும் வாயில் ஊற்றவில்லை. எட்வர்ட்ஸின் கணக்குப்படி அது சுதந்திரமான தேர்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்வர்ட்ஸின் கணக்கிலேயே அடுத்த கேள்வியும் இருக்கிறது: அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது? நம் பிரசங்க மேடை இந்த இடத்தில் ஒரு தாவு தாவுகிறது. குடிகாரனிலிருந்து நேராக ஆதாமுக்குப் போய்விடுகிறது. இல்லாவிட்டால் நேராகக் கடவுளுக்கு. நடுவில் ஒரு கம்பெனி இருக்கிறது, ஓர் உரிமம் இருக்கிறது, ஒரு கூலி விகிதம் இருக்கிறது. கள்ளுக்கடையை லயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஆள் தோட்டத்தை விட்டு ஓடமாட்டான் என்று கணக்குப் போட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சித்தம் இருந்தது, அவர்களுக்கும் ஆசை இருந்தது. அவர்களும் தேர்ந்தெடுத்தார்கள். ஆதாமுக்கும் என் தாத்தாவுக்கும் நடுவில் நின்ற இத்தனை பேரையும் எந்த இறையியல் மன்னித்து அனுப்பியது?

தொழிலாளர்கள் இதைப் பிரசங்கிகளுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரை எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் 1947இல் பீடோங்கில் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். போலீஸ் அதையும் அடக்கியது. யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர்கள் கேட்டது என்ன? 'எங்கள் ஆசையை நாங்களே உருவாக்கிக்கொள்ள விடுங்கள்' என்பதுதான். சுயாதீன சித்தத்துக்காக மலாயாத் தமிழன் நடத்திய மிகத் தெளிவான போராட்டம் அது. அதை நினைத்து ஒரு பிரசங்கமாவது செய்திருக்கிறோமா?

நம் சபைத் தமிழே இந்தப் பங்கீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். கடவுள் விரும்பினால் சித்தம். கூலிக்காரன் விரும்பினால் இச்சை. கம்பெனி விரும்பினால் மேம்பாடு. மூன்றும் விருப்பம்தான். ஒன்றுக்குத் தலைவணங்கச் சொன்னார்கள், ஒன்றைச் சிலுவையில் அறையச் சொன்னார்கள், மூன்றாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

'அவங்கெல்லாம் விருப்பப்பட்டுத்தானே வந்தாங்க' என்ற பேச்சும் இதே வகைதான். 1910இல் சஞ்சிக்கூலி முறை நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களைச் சுதந்திரத் தொழிலாளர்கள் என்று காலனி அரசாங்கம் எழுதிக்கொண்டது. ஒப்பந்தம் இல்லை, விரல் ரேகை இல்லை, ஆகவே சுதந்திரம். ஊரில் மழை பொய்த்திருந்தது, நிலம் இன்னொருவனிடம் இருந்தது, சாதி கழுத்தைப் பிடித்திருந்தது. கங்காணி வந்து மரத்தடியில் தேங்காயும் மாசியும் விளைகிறது என்று கதை சொன்னான். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பினாங்குக்குக் கப்பலேறியவன் தன் காலால்தான் நடந்து ஏறினான். அவனைச் சுதந்திரமானவன் என்று சொல்ல எட்வர்ட்ஸிடம் இடம் உண்டு. ஆனால் அதைச் சொல்லிவிட்டு, அவனுக்கு நடந்ததற்கெல்லாம் அவனே பொறுப்பு என்று முடிக்க எந்த நேர்மையான இறையியலிலும் இடம் கிடையாது.

அடுத்து சித்தம்.

ஆரம்பத்தில் காட்டை அழித்துத் தோட்டம் போட்டபோது மலேரியாவில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கிறிஸ்தவன் தேவ சித்தம் என்றான், இந்து தலையெழுத்து என்றான். துரை, சீதோஷ்ணம் சரியில்லை என்றான். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்து நீரை வடியவிட வாய்க்கால் வெட்டவைத்தார். காய்ச்சல் குறைந்தது, சாவு குறைந்தது. நான் கேட்பது இதைத்தான்: காய்ச்சல் தேவ சித்தம் என்றால், வாய்க்கால் வெட்டிய மறு வருஷம் தேவன் தன் சித்தத்தை மாற்றிக்கொண்டாரா? வாய்க்கால் வெட்டாத தோட்டத்தில் செத்தவன் யாருடைய சித்தத்தால் செத்தான்?

1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊருக்கு வெளியே எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுங்கை சிப்புட் என்ற பெயர் உலக வரலாற்றுப் புத்தகங்களில் ஏறியதே அந்த ஒரு நாளால்தான். அவர்கள் சாவை யாரும் தேவ சித்தம் என்று சொல்லவில்லை. கொலை என்றார்கள். சுட்டவர்களைத் தேடினார்கள், நாடு முழுக்க அவசரகாலம் அறிவித்தார்கள். பன்னிரண்டு வருஷம் அது நீடித்தது. நான் அந்தக் கொலைகளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஒருவனின் சாவுக்கு மனிதக் காரணத்தைத் தேடுவதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை. அந்த மூவருக்கும் அது கிடைத்தது. அதே மண்ணில் காய்ச்சலிலும் பசியிலும் செத்து, மரத்தடியில் புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கூலிகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவர்களுக்கு சித்தம் என்ற ஒற்றைச் சொல் போதும் என்று விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பதில் வரும். 'தம்பி, யோசேப்பு கதையைப் படி. அண்ணன்மார் தீமை நினைச்சாங்க, ஆண்டவர் அதை நன்மையா முடிச்சார். எல்லாத்துக்கும் பின்னாடி அவர் திட்டம் இருக்கு.' சபையில் இதைச் சொல்லாத ஆளே இல்லை. சரி, ஆதியாகமத்தைத் திறந்து கொஞ்சம் நிதானமாகப் படிப்போம். அந்த வார்த்தையை யார் சொல்கிறார்? எப்போது சொல்கிறார்?

குழியில் போடப்பட்ட அன்று யாரும் அதைச் சொல்லவில்லை. தம்பியைக் குழியில் போட்டுவிட்டு அண்ணன்மார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றுதான் கதை சொல்கிறது. அவர்களில் ஒருவன் குழியின் விளிம்பில் நின்று, 'தம்பி, அழாதே, இதெல்லாம் ஆண்டவர் திட்டம்' என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு அருவருப்பாக இருந்திருக்கும்! பல வருஷம் கழித்து, எகிப்தின் அதிகாரியாக உட்கார்ந்து, தானியக் களஞ்சியமே தன் கையில் இருக்கும்போது, விற்கப்பட்டவனே அதைச் சொல்கிறான், தன் வாழ்க்கையைப் பற்றி. அண்ணன்மாரைப் பழிவாங்க முடிகிற இடத்தில் நின்று, பழிவாங்கமாட்டேன் என்பதற்குக் காரணமாகச் சொல்கிறான். சரி, அண்ணன்மார் என்ன சொன்னார்கள்? அதுவும் இருக்கிறது. பஞ்ச காலத்தில் எகிப்தில் மாட்டிக்கொண்டபோது, தம்பி கெஞ்சியதைக் கேட்காமல் போனோமே, குற்றவாளிகளானோமே என்று தங்களுக்குள் புலம்புகிறார்கள்.

தமிழ் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் படித்திருப்போம். யோசேப்பின் கதை முழுக்க அந்த இலக்கணம் பிசகாமல் இருக்கிறது. பாதிக்கப்பட்டவன் தன்மையில் தேவனின் திட்டத்தைப் பேசுகிறான். தீங்கு செய்தவர்கள் தன்மையில் தங்கள் குற்றத்தைப் பேசுகிறார்கள். நம் சபை இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவனுக்கு முன்னிலையில், 'உனக்கு நடந்தது தேவ சித்தம்' என்கிறது. செத்தவனைப் பற்றிப் படர்க்கையில், 'அவன் தேடிக்கிட்டான்' என்கிறது. தன்மையில் பேச வேண்டியவர்கள் முன்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் கட்சி இவ்வளவுதான். தேவ சித்தம் என்பது தன்மை வாக்கியம். தன் காயத்தைப் பற்றி, தானே, தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவன் காயத்தின் மேல் நின்று அதைச் சொல்ல ஒருவனுக்கும் அதிகாரம் இல்லை. அங்கி போட்டிருந்தாலும் இல்லை.

என் பாட்டி அதைச் சொல்வார். நாற்பது வருஷம் பால்மரம் சீவியவர். இரண்டு பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, 'ஆண்டவர் சித்தம் சாமி, நா என்னா செய்ய' என்பார். அதைக் கேட்டுச் சிரிக்க எனக்குத் தைரியமில்லை, உரிமையும் இல்லை. அவரை அந்தச் சொல்தான் நிமிர்த்தி வைத்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு அவருக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அதே பாட்டி பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது சித்தம் பேசவில்லை. இருட்டில் கிராணி வீட்டுக்கு நடந்துபோய் ஆஸ்பத்திரிக்கு லாரி கேட்டுச் சண்டை போட்டார். தன் துக்கத்துக்கு இறையாண்மை, அடுத்தவன் துக்கத்துக்கு ஓட்டமும் நடையும். வேதாகமக் கல்லூரிக்குப் போகாத ஒருவருக்கு எந்த வாக்கியம் எந்த இடத்தில் பொருந்தும் என்று தெரிந்திருந்தது.

என் தாய்மாமா இறந்தபோது வந்த பிரசங்கிக்கு அது தெரியவில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறி, வேலை போய், வீடு போய், ஆலோங்கிடம் கடன் வாங்கி, கடைசியில் குடியில் போனவர் மாமா. 'ஜீவனும் மரணமும் முன்னால வச்சிருக்கு, இந்த மனுஷன் மரணத்தைத் தெரிஞ்சுக்கிட்டான்' என்று பெட்டி முன்னால் பிரசங்கம் நடந்தது. அத்தை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். உபாகமத்தின் அந்தப் பகுதி ஒரு முழு ஜனத்தைக் கூட்டி நிறுத்தி, அவர்களின் தலைவர்கள், கோத்திரங்கள் எல்லோருக்கும் முன்னால் வைத்த தேர்வு. அதைச் சுருக்கி ஒரு செத்த கூலியின் தலையில் கட்டிவிட்டார்கள். மாமாவுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் தேர்ந்தெடுத்தவையும் உண்டு. அத்தையின் கையில் இருந்த தழும்பு அதற்குச் சாட்சி. அவர் பொறுப்பை எடுத்துப் பேசுங்கள். ஆனால் வரிசைப்படி பேசுங்கள். அவர் பேர் அந்த வரிசையில் கடைசியில் வரும்.

'நீ இறையியலை அரசியலாக்குகிறாய்' என்று சொல்வார்கள். கால்வினியம்தான் அடிமைத்தனத்துக்குக் காரணம், ஆர்மினியம் வந்தால் விடுதலை என்று நான் எளிமையாகச் சொல்லியிருந்தால் அந்தக் குற்றச்சாட்டு சரி. வரலாறு அப்படி இல்லை. சித்தத்தின் சுதந்திரத்தைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எழுதிய எட்வர்ட்ஸ், 1731இல் வீனஸ் என்ற 14 வயது கறுப்பினச் சிறுமியை விலைக்கு வாங்கினார். ரசீது இன்றும் இருக்கிறது. அந்தச் சிறுமியின் சித்தம் என்ன, அவளுடைய மிகப் பலமான விருப்பம் என்ன என்று அவர் நூலில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. ஆனால் அவருடைய மாணவர் சாமுவேல் ஹாப்கின்ஸ், குருவின் அதே இறையியலை வைத்துக்கொண்டே, அடிமை வணிகத்தில் கொழுத்த நியூபோர்ட் நகரில் இருந்துகொண்டு, அடிமைகளை விடுவிக்கச் சொல்லி 1776இல் எழுதினார். ஒரே கோட்பாடு, எதிரெதிர் முடிவு. கோட்பாட்டை யாரை நோக்கித் திருப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மெதடிஸ்ட் நண்பர்கள் வெஸ்லியை மறுபடி படிக்க வேண்டும். அடிமைமுறை பற்றி 1774இல் அவர் எழுதிய சிறுநூலில் கடைசிப் பகுதி முழுக்க முன்னிலையில் இருக்கிறது. முதலில் கப்பல் தலைவர்களைக் கூப்பிடுகிறார், பிறகு வணிகர்களை, கடைசியில் தோட்ட முதலாளிகளை. உங்கள் பணம்தான் வணிகனுக்குக் கூலி, வணிகன் வழியாகக் கப்பல்காரனுக்குக் கூலி, ஆகவே இந்த இயந்திரத்தை ஓட்டுகிற விசை நீங்கள்தான் என்று தோட்டக்காரன் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். சுயாதீன சித்தத்தை நம்புகிறவன் அதை முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. தேர்வு செய்ய அதிக இடம் இருக்கிறவனிடம் முதலில் கேட்க வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர்ந்த வெஸ்லியிடம் அந்தப் பக்கங்களை மட்டும் யார் கிழித்தது?

ஆசைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நம் இளைஞர்களிடம் சபை செய்த பெரிய அநியாயம் அங்கேதான். கூலிக்காரனின் ஆசையெல்லாம் இச்சை என்று சொல்லிச் சொல்லி, எதையும் விரும்பவே கூச்சப்படும் ஒரு தலைமுறையை உண்டாக்கினோம். பத்தாவது கட்டளையைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்யவைத்தார்கள்: அடுத்தவன் வீட்டை, நிலத்தை விரும்பாதே. சரி. லயத்தில் இருந்தவனுக்குச் சொந்த வீடும் இல்லை, நிலமும் இல்லை. அடுத்தவனின் நிலத்தை விரும்பிய பாவத்துக்கு வேதம் காட்டும் மிகப் பெரிய உதாரணம் ஒரு ராஜா. ஆகாபுக்கு நாபோத்தின் திராட்சைத் தோட்டம் வேண்டும். நாபோத், பிதாக்களின் சொத்து, தரமாட்டேன் என்கிறான். பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். எலியா தீர்க்கதரிசி வந்து, 'இதுவும் கர்த்தரின் திட்டம்' என்று தேற்றிவிட்டுப் போகவில்லை. அந்தத் தோட்டத்துக்குள்ளேயே போய் ராஜாவைப் பிடிக்கிறார்.

நாபோத்தின் ஆசைக்கு நம்மிடம் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1950களில், சுதந்திரத்தை ஒட்டி, ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், நீங்களே வாங்குங்கள் என்றார். பால்மரம் சீவியவர்கள் சிறுகச் சிறுகக் காசு போட்டுப் பங்கு வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். சம்பந்தன் கிறிஸ்தவர் அல்ல. அவர் அரசியலில் எனக்கு விமர்சனங்கள் உண்டு, அது வேறு கட்டுரை. ஆனால் மூன்று தலைமுறை அடுத்தவன் மரத்தைச் சீவியவன், 'இந்த மண் எனக்கு வேணும்' என்று முதல்முறை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அதை இச்சை என்று சொல்ல எந்தப் போதகருக்கு மனசு வரும்?

விருப்பத்தை வாய்விட்டுச் சொல்வது அவிசுவாசம் என்று நினைப்பவர்கள் கெத்செமனே தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். இயேசு முதலில் தன் விருப்பத்தைச் சொன்னார்: இந்தப் பாத்திரம் வேண்டாம். திரும்பத் திரும்பப் போய் ஜெபித்தார். அதற்குப் பிறகுதான் பிதாவின் சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார், தன்னை மட்டும். அடுத்தவன் கையில் அந்தப் பாத்திரத்தைக் கொடுத்து, 'குடி, இது பிதாவின் சித்தம்' என்று அவர் சொன்னதில்லை. நோயோடு வந்தவனிடம், பசியோடு வந்தவனிடம் எல்லாம் அவர் செய்தது வேறு. உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு குருடனிடம் கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். அந்த மனிதன் தன் ஆசையைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பதற்காக.

மாமாக் கடையில் கால்வினையும் ஆர்மினியசையும் மோதவிடும் தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். வாதத்தை விடாதீர்கள். நல்ல வாதம் அது, ஆயிரத்து அறுநூறு வருஷம் ஓடியும் களைக்கவில்லை. ஆனால் யாராவது சித்தம் என்று சொன்னால், யாருடைய காயத்தைப் பற்றி யார் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். யாராவது சுதந்திரத் தேர்வு என்று சொன்னால், அந்தச் சம்பவத்தில் தேர்வு செய்ய அதிகமாக இடம் இருந்தவன் யார் என்று கேளுங்கள். அவன் பேரைச் சொல்லாமல் பிரசங்கம் முடிந்தால், கூட்டம் முடிந்ததும் போதகரிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள். கோபப்படுவார். பரவாயில்லை.

பேராக்கில் இன்னும் லயங்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த நோட்டீஸ் வரும் ஞாயிற்றுக்கிழமை, எந்தச் சபையாவது யோசேப்பை ஒருநாள் ஓரமாக வைத்துவிட்டு நாபோத்தைப் பிரசங்கிக்கட்டும். வெறும் பிரசங்கம் வேண்டாம். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவரின் முகவரியைத் தேடி, எலியாவைப் போல நேரில் போய், 'ஐயா, இது உங்கள் சித்தமா?' என்று கேட்கட்டும்.